தப்பி ஓடினார்

த டிரைவர் ஃப்ளெட். ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள், ஒரு முற்றுப்புள்ளி, அதற்குக் கீழே செய்தி ஏஜென்சியின் பெயர். மேலே இருந்த வரிகளைத் தமிழில் போட்டாயிற்று. மணப்பாறை சாலையில் கள்ளிக்காட்டுப் பிரிவு என்ற இடத்தில் இன்று காலை சாலையைக் கடக்க முயன்ற மூதாட்டி மீது சரக்கு வாகனம் மோதியது, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் அவர் இறந்தார், வாகனத்தில் ஏற்றிச் செல்லப்பட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள் சாலையில் சிதறியதால் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. இதெல்லாம் கை தானாகப் போட்டது, நான் வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தேன், சாயந்தரம் பால் வாங்க வேண்டும் என்றோ என்னவோ. நாற்காலிகள் என்று அடித்து, சிதறியதால் என்று அடித்து, அப்புறம்தான் நின்றது கை. காலையில் சூசை வந்தான். என் தம்பி சூசை மாணிக்கம், சொந்தமாகக் குட்டியானை லோடு வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். வாசலில் வண்டியை அணைக்காமலே நிறுத்திவிட்டு வந்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், நின்றபடியே டீ குடித்தான். "மணப்பாறைப் பக்கம் ஒரு காதுகுத்துக்கா, சேரையும் பாத்திரத்தையும் எறக்கிட்டு மத்தியானம் வந்துருவேன், வரும்போது மீன் வாங்கிட்டு வரவா?" என்றான். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன்? வாங்கிட்டு வா என்றிருந்தால் என்ன மீன், சங்கராவா வஞ்சிரமா, குழம்புக்கா வறுக்கவா என்று இன்னும் ரெண்டு நிமிஷம் நின்று பேசியிருப்பான், அந்த ரெண்டு நிமிஷத்தில் அந்த அம்மா சாலையைக் கடந்து போயிருப்பார். இல்லை, இது என்ன நினைப்பு. இன்று முகூர்த்த நாள். மணப்பாறை சாலையில் நாற்காலி ஏற்றிப் போகும் வண்டி ஒன்றுதானா? ஊரெல்லாம் கல்யாணம், ஊரெல்லாம் நாற்காலி. அவனைக் கூப்பிட்டுப் பார்த்தால் முடிந்தது. கூப்பிட்டேன். நீங்கள் தொடர்புகொள்ளும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது. அந்தப் பெண்ணின் குரலில்தான் எத்தனை பொறுமை. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி அதே பொறுமை.

"அமலா, அந்த மணப்பாறை ஆக்சிடென்ட் என்னாச்சு, சைட்ல ஏத்தணும்" என்று செய்தி ஆசிரியர் கதிரேசன் சார் அவர் மேசையிலிருந்தே கேட்டார். ஒரே ஹால், பத்தடித் தூரம். "முடிச்சுட்டேன் சார், ஒரு வரி" என்றேன். ஒரு வரிகூட இல்லை, ஒரு வினைச்சொல். ஓட்டுநர் என்று அடித்தேன். தப் என்று இரண்டெழுத்து அடித்ததும் மெஷின் தானாகவே தப்பியோட்டம் என்று நீட்டியது. அதற்கே மனப்பாடமாகிவிட்டது. நான்தான் பழக்கினேன், வருஷக்கணக்காகத் தினம் ஒன்றாவது போட்டுப் பழக்கினேன். லாரி ஓட்டுநர் தப்பியோட்டம், டிப்பர் ஓட்டுநர் தப்பியோட்டம், இடம் குறைவாக இருந்தால் ஓட்டுநர் ஓட்டம். ஒரு பத்திச் செய்திக்கு அந்தத் தலைப்பு கச்சிதமாக உட்காரும், இரண்டு ஓ, இரண்டு ட்ட, கதிரேசன் சாருக்கு அதில் ஒரு தனிப் பிரியம். ஓட்டுகிறவன் ஓடுகிறான் என்று வாசிக்கிறவர்களும் சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போவார்கள். அழித்தேன். தப்பி என்ற சொல்லுக்குள்ளேயே தப்பு உட்கார்ந்திருக்கிறது. தப்பிப் பிழைத்தான் என்றால் கேட்கிறவர்கள் அப்பாடா என்பார்கள், தப்பி ஓடினான் என்றால் பிடி என்பார்கள். போன மாதம் எங்கோ சண்டை நடக்கும் நாட்டிலிருந்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஃப்ளெட் என்று இதே ஏஜென்சியிலிருந்து வந்தது. அதற்கு நான் தப்பியோட்டம் போடவில்லை. உயிர்பிழைக்க ஊரைவிட்டு வெளியேறினர் என்று போட்டேன், யாரும் சொல்லாமலே போட்டேன். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். கைக்குழந்தையோடு எல்லை தாண்டுகிறவளும் ஃப்ளெட், வண்டியை விட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்குகிறவனும் ஃப்ளெட். தமிழுக்குக் கொண்டுவரும்போது நான்தான் பிரித்து வைக்கிறேன், நீ பாவம் இந்தப் பக்கம் வா, நீ குற்றவாளி அந்தப் பக்கம் போ. ஓடாமல் நிற்கிற ஓட்டுநர்களுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறேன். தர்ம அடி. பொதுமக்கள் ஓட்டுநருக்குத் தர்ம அடி கொடுத்து போலீசில் ஒப்படைத்தனர். அடிக்குத் தர்மம் என்று யார் பேர் வைத்தார்கள்? ஒருவன் தர்ம அடியில் செத்தே போனான், அதற்கும் அதே சொல்லைத்தான் போட்டேன். அய்யோ, அவன் ஓடியிருக்கட்டும். மாதாவே, அவன் நிற்காமல் ஓடியிருக்கட்டும். ஓடியிருக்க வேண்டும், ஆனால் ஓடினான் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. இது என்ன வேண்டுதல், எந்த மாதா இதைக் கேட்பாள்.

ஜாபரைக் கூப்பிட்டேன். மணப்பாறைக்கு எங்கள் நிருபர், இந்நேரம் அங்கேதான் இருப்பார். முதல் மணியிலேயே எடுத்தார், பின்னால் ஹாரன் சத்தம், யாரோ யாரையோ ஓரமாப் போ என்று விரட்டும் சத்தம். "நியூஸ் காப்பி பத்து நிமிஷத்துல அனுப்பிர்றேன் மேடம், அந்தம்மா பேருக்குத்தான் வெயிட்டிங்" என்றார். நான் நிதானமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, "சேர் என்ன கலர் ஜாபர்?" என்றேன். "என்ன மேடம்?" "ரோட்டுல கெடக்குதே, சேர்." "செவப்பு. ஏன் மேடம், படம் அனுப்பவா?" சிவப்பு. எல்லா வாடகை நாற்காலியும் சிவப்புதான், இல்லாவிட்டால் நீலம், பாதிக்குப் பாதி. "வண்டியில பின்னாடி ஏதாவது ஒட்டியிருக்கா?" என்றேன். அவர் நடப்பது கேட்டது, கண்ணாடித் துண்டுகள் செருப்பில் நொறுங்கும் சத்தம், பிறகு, "பூண்டி மாதா படம் ஒட்டியிருக்கு மேடம், கீழ ரெண்டு பிள்ளைங்க பேரு போட்டிருக்கு" என்றார். பிள்ளைகள் பேர் என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அந்தப் பேர்களை வைத்ததே நான்தான். ஹாலின் ஏசி காற்று கழுத்தில் பட்டது, அது ஒன்றுதான் அப்போது உடம்பில் தெரிந்தது. "டிரைவர்?" "ஓடிட்டான் மேடம்." "ஓடுனத யார் பாத்தது?" ஜாபருக்குப் புரியவில்லை. "யார் பாக்கணும்? வண்டி நிக்குது, ஆள் இல்ல." "அடிபட்டு யாராவது தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல? ஆம்புலன்ஸ கூப்பிடப் போயிருக்கலாம்ல? செல்லுல சார்ஜ் இல்லாம, பக்கத்து ஊருக்கு ஆள் கூப்பிடப் போயிருக்கலாம்ல?" "இருக்கலாம்." "போலீஸ் என்ன சொல்றாங்க?" "டிரைவரத் தேடிட்டு இருக்கோம்ங்கறாங்க." "ஓடிட்டான்னு சொன்னாங்களா?" "மேடம், நான் டிரைவரக் காணோம்னு அனுப்புனாலும் நீங்கதான தெனமும் தப்பியோட்டம்னு போடுவீங்க" என்றார் ஜாபர், குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

ஓட்டுநர் சம்பவ இடத்தில் இல்லை. அவரைப் போலீசார் தேடி வருகின்றனர். இப்படிப் போட்டேன். இதில் பொய் எங்கே? எங்கேயும் இல்லை. இல்லை என்பது எவ்வளவு நல்ல சொல், யாரையும் துரத்தாது. கதிரேசன் சார் அவருடைய திரையில் படித்துவிட்டு எழுந்தே வந்தார். "இல்லைன்னா என்னம்மா அர்த்தம், ஆவியாப் போயிட்டானா? ஏஜென்சிக்காரன் தெளிவா ஃப்ளெட்னு குடுத்திருக்கான்." "யாரும் பாக்கல சார். ஜாபர்கிட்ட கேட்டுட்டேன். போலீசும் அப்படிச் சொல்லல." "டிரைவர் ஓடாம வேற என்ன செய்வான்?" "அதான் சார், ஓடியிருப்பான்னு நாம நெனைக்கிறோம். நெனைச்சத நடந்த மாதிரி எழுதிர்றோம். நாளைக்கு அந்த ஆள் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில கட்டுப்போட்டுப் படுத்திருந்தா?" "நாம என்ன கோர்ட்டா அமலா, சாட்சி கேக்கறதுக்கு? இத்தனை வருஷமா நீயே போட்ட சொல்லு." "இத்தனை வருஷமும் தப்பாவே போட்டிருக்கலாம் சார்." குரல் உயர்ந்துவிட்டது. விளையாட்டுப் பக்கம் பார்க்கிற பையன்கள் திரும்பினார்கள். நான் நேர்மைக்காகப் பேசுவதுபோல் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கே பாதி அப்படித்தான் தெரிந்தது, அதுதான் பயமாக இருந்தது. சொல்வதெல்லாம் நியாயம், சொல்கிற காரணம் வேறு. கதிரேசன் சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார், எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்திருப்பார். "சரி, சம்பவ இடத்தில் இல்லைன்னே போகட்டும்" என்றார். போனது. எங்கள் தளத்தில் ஏறியது, நான் போட்ட சொல்லோடு. ஊரில் மற்ற எல்லா இடத்திலும் இந்நேரம் அவன் ஓடிக்கொண்டிருப்பான், இங்கே மட்டும் இல்லை.

அவன் ஓடுகிறவனா? சின்ன வயதில் ஒருமுறை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாய் துரத்தியது, நான் ஓடினேன், அவன் ஓடவில்லை. நாய் வந்து அவனை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. வீட்டில் அவனை எல்லாரும் தைரியசாலி என்றார்கள். எனக்குக் கால் வரலக்கா என்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு சொன்னான். அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்த கடைசி நாள், டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டபோது, சூசை பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, டீ வாங்கிட்டு வந்துர்றேன் என்று படியிறங்கினான். அப்பாவுக்கு மூச்சு அடங்கி, சட்டை மாற்றி, வண்டியில் ஏற்றி, வீட்டுக்கு வந்து, கோயிலில் துக்க மணியடித்து, எல்லாம் ஆன பிறகுதான் வந்தான், பிளாஸ்க் இல்லாமல். அம்மா துக்கத்துக்கு வந்த ஒவ்வொருத்தரிடமும், அப்பன் சாகறப்ப ஓடிட்டான், ஓடிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடலம்மா, டீ வாங்கப் போனான், கூட்டம், வழியில வண்டி கெடைக்கல என்று திருத்தினேன். அந்த வீட்டிலும் எனக்கு இதே வேலைதான். எங்கே போயிருந்தாய் என்று அவனை இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவான், அவனுக்குப் பொய் வராது, அதனால்தான் கேட்கவில்லை. ஆனால் அதே சூசைதான் எனக்கு ஆபரேஷன் ஆனபோது ஒரு வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தான், வாடகையை எல்லாம் விட்டுவிட்டு. எந்தச் சூசை இன்று காலை அந்த வண்டியில் இருந்தான்? ஒரு வேளை அடிபட்டிருப்பான், தலையில் அடிபட்டு எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்துபோயிருப்பான், காட்டில் விழுந்து கிடப்பான். இதற்கு நான் ஆசைப்படுகிறேன் என்பது அப்புறம்தான் புரிந்தது. தம்பி தலையில் அடிபட்டுக் கிடக்க வேண்டும், எதற்கு, ஒரு சொல் அவன்மேல் விழாமல் இருப்பதற்கு.

போன் அதிர்ந்தது. தெரியாத எண். எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனேன், கீழே அச்சு யந்திரத்தில் எதையோ ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், படிகள் லேசாக நடுங்கின. "அக்கா" என்றான். "சூசை, எங்கடா இருக்க, அடி பட்டுச்சா?" "இல்லக்கா. ஸ்டேஷன்ல இருக்கேன். ஏட்டையா போன் குடுத்தாரு." "அவங்களா புடிச்சாங்க?" "நானா வந்தேன்." நானாக வந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு, பார், நானாக வந்தேன் என்கிறான், நான் போட்டதுதான் சரி. "ஆம்புலன்ஸ கூப்பிடத்தான போன நீ? செல்லுல சார்ஜ் இல்லையா?" என்றேன். "ஆள் கூப்பிடப் போனியா? பக்கத்துல ஊர் இருக்குல்ல?" நானே அடுக்கிக்கொண்டு போனேன். "கூட்டம் கூடிருச்சா, அடிக்க வந்தாங்களா, சொல்லுடா, அடிக்க வந்தா யாரா இருந்தாலும்..." "இல்லக்கா" என்றான். "கூட்டமே இல்ல. ரோட்டுல ஒரு ஆள் இல்ல. அந்தம்மாவும் நானும்தான். எறங்கிப் பாத்தேன். முழிச்சுத்தான் இருந்துச்சு. என்னையப் பாத்து, தண்ணி இருந்தாக் குடுய்யானு கேட்டுச்சு. பாட்டில் சீட்டுலதான்க்கா இருந்துச்சு. நான் எடுக்கப் போறேன்னுதான் நெனைச்சேன். கதவத் தொறந்தேன், அப்புறம் பாத்தா ஓடிக்கிட்டு இருக்கேன்." "செல்லு?" என்றேன், வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல். "நாந்தான் ஆஃப் பண்ணேன். நீ கூப்பிடுவன்னு தெரியும். ரொம்ப தூரம் ஓடிட்டேன்க்கா. ஒரு சோளக்காட்டுல உக்காந்திருந்தேன். அப்புறம் வந்துட்டேன்." கீழே யந்திரம் நின்றது, மாடிப்படி அமைதியானது. அப்போதுதான் கேட்டான். "உங்க ஆபீசுக்கு நியூஸ் வந்திருக்கும்ல? இங்க யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அந்தம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்களாக்கா? எப்படி இருக்கு?" எத்தனை சொற்கள் என்னிடம் இருக்கின்றன. உயிரிழந்தார், பலியானார், காலமானார், சிகிச்சை பலனின்றி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில். தெரியலடா, விசாரிக்கிறேன் என்றும் சொல்லலாம், அது ஒரு நாள் தாங்கும். "செத்துப் போயிட்டாங்கடா" என்றேன். "வழியிலயே." அவன் சரி என்றான். சரிக்கா என்று ஒரு தடவை, சரி என்று இன்னொரு தடவை. பிறகு வேறு ஒரு குரல், "அக்காவா? ஒரு வக்கீலப் பாத்துக் கூட்டிட்டு வாங்கம்மா, பையன் ஒழுங்காத்தான் பேசறான்" என்றது. போன் அணைந்தது.

ஓட்டுநர் சம்பவ இடத்தில் இல்லை. என் மேசைக்குத் திரும்பி வந்தபோதும் அந்த வரி திரையில் இருந்தது, நிறையப் பேர் படித்திருந்தார்கள். இப்போதும் அதில் பொய் இல்லை. அவன் அங்கே இல்லைதான். ஆனால் அந்த அம்மா பார்த்திருக்கிறார். யார் பார்த்தது என்று ஜாபரிடம் கேட்டேனே, அவர்தான் பார்த்தார், ரோட்டில் கிடந்தபடி, ஓடுகிற முதுகை, போகப் போகச் சின்னதாகிற முதுகை. அவர் வாயிலிருந்து ஒரு வினைச்சொல் வந்திருந்தால் அது என்ன சொல்லாக இருந்திருக்கும்? ஓடிட்டான். வேறென்ன. இப்போது அவரும் இல்லை, இருக்கிறது நானும் அவனும். இப்படியே விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. நாளைக் காலை போலீஸ் தரும் விவரத்தில் சரணடைந்தார் என்று வரும், அதுவும் நல்ல சொல்தான், நடுவில் இருந்த சோளக்காடு யாருக்கும் தேவைப்படாது. அழகாகத் தைத்துவிடலாம், இல்லை, சரணடைந்தார். என் கைக்கு அது வரும். வரும் என்பதாலேயே எழுந்தேன். கதிரேசன் சார் மேசைக்கு அந்தப் பத்தடியை நடந்தேன். "சார், அந்த ஆக்சிடென்ட் செய்தியத் திருத்தணும். ஓட்டுநர் தப்பி ஓடினார். அப்புறம் ஸ்டேஷன்ல சரணடைஞ்சிட்டார்." அவர் நிமிர்ந்தார். "இதுக்குத்தான இவ்வளவு நேரம் என்கிட்ட சண்டை போட்ட? இப்ப மட்டும் ஓடினார்னு யாரு சொன்னது?" "ஓட்டுநரே சொன்னார்." "உன்கிட்ட எதுக்கு சொல்றான்?" "என் தம்பி சார்."

அவர் கையிலிருந்த பேனாவை மூடியில் செருகினார், அது உட்காரவில்லை, மறுபடி செருகினார். "நீ கிளம்பும்மா, மொதல்ல அங்க போ. நான் மாத்திக்கிறேன்" என்றார் தாழ்ந்த குரலில். "நானே மாத்திட்டுப் போறேன் சார்." அவர் என் பின்னாலேயே வந்து நின்றார். ஜாபரின் காப்பி வந்திருந்தது, அந்த அம்மாவின் பேர் அதில் இருந்தது. சின்னப்பொண்ணு, வயது அறுபது, கள்ளிக்காட்டைச் சேர்ந்த ராமன் மனைவி, மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது. மூதாட்டி என்பதை அழித்துவிட்டு அந்தப் பேரைப் போட்டேன். அவரைப் பற்றி இவ்வளவு நேரம் நான் தெரிந்துகொள்ள ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, நாற்காலியின் நிறத்தைக் கேட்டேன். கடைசி வரிக்கு வந்தேன். தப் என்று அடித்ததும் மெஷின் வழக்கம்போல் நீட்டியது. அதை விட்டுவிட்டு ஒவ்வொரு எழுத்தாக நானே அடித்தேன், தப்பி ஓடினார், பின்னர் காவல் நிலையத்தில் சரணடைந்தார். "பேர் போட வேண்டாம்மா, நாளைக்குப் போலீஸ் குடுக்கட்டும், அப்ப பாத்துக்கலாம்" என்றார் கதிரேசன் சார், நல்ல மனதோடுதான் சொன்னார். "எல்லாருக்கும் போடறோமே சார்" என்றேன். எல்லாருக்கும் எப்படிப் போடுவோமோ அப்படியே, ஊர், தகப்பன் பேர், அவன் பேர், அடைப்புக்குறிக்குள் வயது. திருச்சி பாலக்கரையைச் சேர்ந்த சவரிமுத்து மகன் சூசை மாணிக்கம் (34). அப்பாவின் பேரை அடித்தபோது மட்டும் கை கொஞ்சம் நின்றது, பிறகு போனது. முதல் வரியிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன், ஒற்று எதுவும் விடுபடவில்லை, ஏற்றினேன், பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக இறங்கினேன்.